மூன்று படைப்புகள் போதும்: ஒரு கலை அருங்காட்சியகத்தின் பள்ளித் திட்டம் குறித்து

எட்டாம் வகுப்பு மாணவர்கள் நாற்பது பேருடன் ஒரு கலை அருங்காட்சியகத்தின் பள்ளித் திட்டத்தில் இந்தக் கல்வியாண்டு கலந்துகொண்டேன். ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிலரங்கு, இரண்டு வாரம் கழித்து மாணவர்களின் வருகை, அதன்பின் வகுப்பறையில் பயன்படுத்த ஒரு பாடத் தொகுப்பு என மூன்று பகுதிகள் கொண்டது இத்திட்டம். மூன்றையும் நடத்துவது ஒரே கல்விப் பிரிவுதான். ஆனால் முதல் பகுதிக்கும் கடைசிப் பகுதிக்கும் இடையே உள்ள தரவேறுபாட்டைப் பார்த்தால் அதை நம்புவது கடினம். எந்தப் பகுதிக்காக இத்திட்டத்தில் சேரலாம், எந்தப் பகுதியில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதைப் பிற ஆசிரியர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பயிலரங்கிற்கு வந்திருந்தவர்களில் ஓவிய ஆசிரியர்கள் குறைவு. அறிவியல், கணிதம், வரலாறு கற்பிப்பவர்களும் என்னைப் போன்ற மொழிப்பாட ஆசிரியர்களுமே மிகுதி. கலை வரலாற்றுச் சொற்பொழிவை எதிர்பார்த்துக் குறிப்பேட்டைத் திறந்து வைத்திருந்த எங்களை, நடத்துநர் ஒரே ஓர் ஓவியத்தின் முன் இருபது நிமிடம் பேசாமல் உட்கார வைத்தார். ஓவியரின் பெயரும் ஆண்டும் எழுதிய அட்டையை ஒரு தாளால் மறைத்திருந்தார். முதல் ஐந்து நிமிடத்தில் பார்ப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று தோன்றியது. பத்தாவது நிமிடத்திற்குப் பிறகுதான் பின்னணியில் இருளோடு இருளாக நின்ற ஓர் உருவம் என் கண்ணில் பட்டது. இந்த ஒரு பயிற்சிக்காகவே அந்த நாளைச் செலவிட்டிருக்கலாம்.

அதன் பிறகு அறிமுகப்படுத்தப்பட்டது, அருங்காட்சியகக் கல்வித் துறையில் பரவலாக அறியப்பட்ட காட்சிவழிச் சிந்தனை முறை. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவின் தலைவராக இருந்த ஃபிலிப் யெனவைனும், மக்கள் கலைப் படைப்புகளை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை ஆராய்ந்த உளவியலாளர் அபிகெய்ல் ஹௌசனும் உருவாக்கியது இது. முறை முழுவதும் மூன்று கேள்விகளில் அடங்கிவிடுகிறது: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன கண்டுபிடிக்கலாம்? படிக்கும்போது மிக எளிதாகத் தெரியும் இந்த மூன்று கேள்விகளைக் கொண்டு சக ஆசிரியர்களிடம் ஓர் உரையாடலை நடத்த முயன்றபோதுதான் அதன் கடினம் புரிந்தது. ஒருவர் சொன்ன பதிலுக்கு நான் பழக்கத்தால் ‘மிக நன்று’ என்றேன். நடத்துநர் அந்த இடத்திலேயே நிறுத்தி, அடுத்து மூன்று பேர் ஏறக்குறைய அதே பதிலைத்தான் சொல்வார்கள் என்றார். சொன்னது போலவே நடந்தது. பாராட்டுக்குப் பதிலாக, பதில் சொன்னவரின் கருத்தை நம் சொற்களில் திருப்பிச் சொல்லி, அவர் குறிப்பிட்ட பகுதியை ஓவியத்தில் விரலால் சுட்டிக்காட்ட வேண்டும் என்பதே விதி. இருபது ஆண்டுகளாகப் பழகிய நாக்கை அடக்குவது எளிதாக இல்லை.

இந்த முறையைப் பற்றி ஒரு தயக்கமும் எனக்கு உண்டு. கண்டிப்பாகப் பின்பற்றினால், இதை வரைந்தவர் யார், எந்தக் காலத்தில் என்று மாணவர் கேட்டாலும் வழிகாட்டி விடை சொல்லாமல் மீண்டும் படத்தையே பார்க்கச் சொல்ல வேண்டும். ஆர்வம் பிறந்த கணத்தில் தகவலைப் பிடித்து வைத்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. பயிலரங்கின் நடத்துநரும் இதில் பிடிவாதம் காட்டவில்லை; கேள்வி மாணவரிடமிருந்து வந்த பிறகு தகவலைச் சொல்லுங்கள், அதற்கு முன் வேண்டாம் என்றார். நடைமுறைக்கு ஏற்ற நிலைப்பாடு இதுதான் என்று நினைக்கிறேன்.

மாணவர்கள் வந்த நாளில் பைகளைப் பாதுகாப்பு அறையில் வைத்த பிறகு, மை சிந்தக்கூடும் என்பதால் பேனாவுக்குத் தடை என்று சொல்லி ஆளுக்கொரு பென்சில் கொடுத்து, இருபது இருபது பேராக இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். நான் முதல் குழுவுடன் சென்றேன். எங்கள் வழிகாட்டி ஒரு மணி நேரத்தில் மூன்று படைப்புகளை மட்டுமே காட்டினார். அவற்றுள் ஒன்று சிறிய நிலைப்பொருள் ஓவியம்: மேசையின் மேல் பாதி உரித்த எலுமிச்சை, அதன் தோல் சுருளாக மேசை விளிம்பைத் தாண்டித் தொங்குகிறது, சாய்ந்து கிடக்கும் ஒரு கண்ணாடிக் கிண்ணம், பிடி வெளியே நீட்டியபடி ஒரு கத்தி. என்ன நடக்கிறது என்று கேட்டதற்கு ஒன்றுமே நடக்கவில்லை, பழம்தான் இருக்கிறது என்று ஒரு மாணவன் சிரித்தான். வழிகாட்டி அதையும் ஒரு பதிலாக ஏற்று, ‘ஒன்றும் நடக்கவில்லை என்கிறார், எதைப் பார்த்து?’ என்று கேட்டார். ஆள் யாரும் இல்லையே என்றான் அவன். அப்படியானால் பழத்தைப் பாதி உரித்தது யார் என்று இன்னொருவன் திருப்பிக் கேட்டான். அதிலிருந்து பேச்சு நிற்கவில்லை. உரித்தவர் அவசரமாக எழுந்து போயிருக்கிறார், கிண்ணம் அப்போதுதான் சாய்ந்தது என்று ஒரு தரப்பும், தோல் இன்னும் வாடாமல் இருப்பதால் அவர் அருகில்தான் இருக்கிறார் என்று இன்னொரு தரப்பும் வாதிட்டன. வகுப்பில் பெரும்பாலும் வாய் திறக்காத ஒரு மாணவி, கத்தியின் பிடி நம்மை நோக்கி இருக்கிறது, ஆகவே உரித்தவர் நாம் நிற்கிற இடத்தில்தான் நின்றிருக்கிறார் என்றாள். சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் தம்மை அறியாமல் ஓரடி பின்னால் நகர்ந்ததைப் பார்த்தேன்.

அடுத்து நாங்கள் சென்ற அறை மங்கலாக இருந்தது. விளக்கு எரியவில்லையா என்று மாணவர்கள் கேட்டபோது வழிகாட்டி கலையிலிருந்து சற்று விலகி, தாளில் வரைந்த படைப்புகளின் நிறம் வெளிச்சத்தால் மங்கிவிடும் என்பதால் அங்கே ஒளியளவை 50 லக்ஸ் என்ற குறைந்த அளவுக்குக் கட்டுப்படுத்துகிறார்கள் என்றும், இழந்த நிறத்தை மீட்க முடியாது என்றும் விளக்கினார். தொடாதே என்ற கட்டளைக்கும் அதேபோல் விரலில் உள்ள வியர்வையும் எண்ணெய்ப்பசையும் காரணமாகச் சொல்லப்பட்டன. காரணம் தெரிந்த பிறகு யாரையும் அதட்ட வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது குழுவின் அனுபவம் வேறு. அவர்களுக்கு வாய்த்த வழிகாட்டி அதே ஒரு மணி நேரத்தில் ஆறு அறைகளையும் பதினான்கு படைப்புகளையும் காட்டி, ஒவ்வொன்றுக்கும் ஆண்டு, பாணி, ஓவியரின் பிறந்த ஊர் ஆகியவற்றை ஒப்பித்தாராம். அத்துடன் ‘புதையல் வேட்டை’ என்ற தலைப்பிட்ட ஒரு பணித்தாளும் கொடுக்கப்பட்டிருந்தது. நீல நிற ஆடை அணிந்த பெண்ணின் ஓவியத்தை வரைந்தவர் யார், வெண்கலச் சிற்பம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பன போன்ற பன்னிரண்டு கேள்விகள். விடை முழுவதும் சுவரில் ஒட்டிய அட்டைகளில் இருந்ததால், மாணவர்கள் படைப்பைப் பாராமல் அட்டையிலிருந்து அட்டைக்கு ஓடி எழுதி முடித்திருக்கிறார்கள். நிரம்பிய பணித்தாளைப் பெருமையுடன் காட்டிய ஒரு மாணவனிடம் அந்த நீல ஆடைப் பெண் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டேன். அது கேள்வியில் இல்லையே என்றான்.

குறை அந்த வழிகாட்டி ஒருவருடையது என்று விட்டுவிட முடியவில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடத்தி 2001இல் வெளியான ஓர் ஆய்வில், புகழ்பெற்ற ஆறு படைப்புகளின் முன் பார்வையாளர்கள் நின்ற நேரம் சராசரியாக 27 விநாடிதான் என்று தெரியவந்தது. தாமாக விரும்பி வந்த பெரியவர்களே இவ்வளவுதான் நிற்கிறார்கள் என்றால், அந்தப் பழக்கத்தை மாற்றுவதற்கென்றே நடத்தப்படும் ஒரு திட்டம் பதினான்கு படைப்புகளைத் திணிப்பதற்கு என்ன நியாயம்? பயிலரங்கில் எங்களுக்குக் கற்பித்ததைத் தம் வழிகாட்டிகள் அனைவருக்கும் கற்பிக்கவில்லை என்பதே இந்தக் கல்விப் பிரிவின் மீது நான் வைக்கும் முதன்மையான குற்றச்சாட்டு.

ஒருமுறை போய்வருவதால் என்ன பயன் என்று கேட்கும் தலைமையாசிரியர்களுக்குச் சொல்ல நல்ல சான்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2011இல் திறக்கப்பட்ட கிறிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகத்தில், விண்ணப்பித்த பள்ளிகளை எல்லாம் உடனடியாக அழைக்க இடமில்லாததால் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் குலுக்கலையே அடிப்படையாகக் கொண்டு, 123 பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 11,000 மாணவர்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். போய்வந்த மாணவர்கள், தாம் முன்பு பார்த்திராத ஓர் ஓவியத்தைப் பற்றி எழுதும்போது, போகாதவர்களைவிடக் கூடுதலாக நுணுகிப் பார்த்து எழுதினர். இந்தப் பயன் கிராமப்புற மாணவர்களிடமும் வறுமை மிகுந்த பள்ளிகளின் மாணவர்களிடமும் இன்னும் பெரிதாக இருந்தது. அங்கு ஒரு வருகையில் காட்டப்பட்டவை ஏறத்தாழ ஐந்து படைப்புகள், அதுவும் மாணவர்களைப் பேசவிட்டு. பேருந்துச் செலவையும் அந்த அருங்காட்சியகமே ஏற்றுக்கொண்டது. நாங்கள் சென்ற இடத்தில் நுழைவு இலவசம், ஆனால் போக்குவரத்து எங்கள் பொறுப்பு. உண்மையில் பள்ளிகளைத் தடுப்பது நுழைவுக் கட்டணத்தைவிடப் பேருந்துதான் என்பது பள்ளியில் பணியாற்றும் எவருக்கும் தெரியும்.

பாடத் தொகுப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அறுபது பக்கக் கோப்பு, அதில் பாதி அருங்காட்சியகத்தின் வரலாறு, படங்கள் அச்சிட்டால் தெளிவில்லாத அளவுக்குச் சிறியவை. லண்டன் தேசிய ஓவியக் கூடம் 1995 முதல் தொடக்கப் பள்ளிகளுக்காக நடத்திவரும் ‘ஒரு படத்தை எடுத்துக்கொள்’ திட்டத்தை இதோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. அங்கே ஒரே ஓர் ஓவியத்தைத் தேர்ந்தெடுத்து, பயிற்சிக்கு வரும் ஆசிரியரிடம் அதன் அச்சுப்படியைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்த ஒன்றிலிருந்து கணிதமோ அறிவியலோ கதையோ எதை வேண்டுமானாலும் வகுப்பு உருவாக்கிக்கொள்ளலாம். எங்களுக்கும் அறுபது பக்கங்களுக்குப் பதிலாக அந்த எலுமிச்சை ஓவியத்தின் ஒரு நல்ல பிரதி கிடைத்திருந்தால் போதும். கிடைக்காததால் நான் வேறு வழி தேடினேன். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் தன் தொகுப்பில் காப்புரிமை இல்லாத படைப்புகளின் 3,75,000 படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது; ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் உயர்தரப் படங்களை இலவசமாகத் தருகிறது. பாதி உரித்த எலுமிச்சையை வரைவதில் 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்களுக்குத் தனி ஆர்வம் இருந்தது போலும்; தேடிய சிறிது நேரத்திலேயே வகுப்புக்குத் தேவையானவை கிடைத்துவிட்டன.

முன்பதிவு முறை எரிச்சலூட்டக்கூடியது. இணையப் படிவம் பாதியில் நின்றுவிடுவதால் மூன்று முறை நிரப்பினேன். உறுதிக் கடிதம் வருகைக்கு நான்கு நாள் முன்புதான் வந்தது, பெற்றோரின் ஒப்புதல் படிவங்களைச் சேகரிக்க அது போதவே போதாது. சக்கர நாற்காலியில் வரும் மாணவர் ஒருவர் இருப்பதை முன்கூட்டியே தெரிவித்திருந்தும், மின்தூக்கிக்கு அருகிலுள்ள நுழைவாயிலைத் திறக்கப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

பயிலரங்கிற்குத் தயங்காமல் போகலாம். மாணவர்களை அழைத்துச் செல்லாத ஆண்டிலும் போகலாம். வருகைக்கு முன்பதிவு செய்பவர்கள் எத்தனை படைப்புகள் காட்டப்படும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பணித்தாள் கொடுத்தால் பணிவாக மறுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பத்தில் சிறப்புக் கோரிக்கைகள் என்ற கட்டத்தில், இரண்டு குழுக்களுக்கும் மூன்று படைப்புகள் மட்டும், அவற்றில் ஒன்று எலுமிச்சை என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். இரண்டாவது குழுவில் இருந்தவர்கள் அந்த ஓவியத்தை இன்னும் பார்க்கவில்லை.