‘ஒரு வருட லைசன்ஸ்’ என்று விற்கப்பட்ட இலவச அன்ரிவைரஸ்: கணினி திருத்தக் கொடுப்போர் கவனத்துக்கு

பழுதுபார்க்கக் கொடுத்த வீட்டுக் கணினியுடன் வந்த பற்றுச்சீட்டில் மூன்று வரிகள் இருந்தன. முதல் வரி பவர் சப்ளை மாற்றியதற்கானது. அதில் எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை, கணினி ஒழுங்காகவே இயங்குகிறது. இரண்டாவது வரியில் ‘வைரஸ் நீக்கம்’ என்று 3,000 ரூபாவும், மூன்றாவது வரியில் ‘இன்ரநெற் செக்யூரிட்டி, ஒரு வருட லைசன்ஸ்’ என்று 4,500 ரூபாவும் எழுதப்பட்டிருந்தன. பிந்திய இரண்டு வரிகளுக்குமாகக் கொடுத்த 7,500 ரூபாவுக்கு உண்மையில் எனக்குக் கிடைத்தவை என்ன என்பதையே இங்கே எழுதுகிறேன். யாழ்ப்பாண நகரத்தில் உள்ள அந்தக் கடையின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. முறைப்பாடு ஒன்று கொடுக்கப்பட்டிருக்கிறது; அது அதன் வழியில் போகட்டும்.

பவர் சப்ளையை மாற்றிய பிறகு கடையிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். “ஐயா, உள்ளுக்கை நானூறுக்கு மேல வைரஸ் கிடக்கு. விண்டோஸ் பத்துக்கு மைக்ரோசொப்ட் இனி ஒண்டும் குடுக்காது. நல்ல அன்ரிவைரஸ் ஒண்டு போடாட்டில் ஹாட் டிஸ்க்கும் போயிடும்” என்று அங்கே வேலை செய்யும் இளைஞர் சொன்னார். உயர்தரம் படிக்கும் மகளுக்கு அன்று பின்னேரம் இணையவழி வகுப்பு இருந்தது. “எது கட்டாயமோ அதைச் செய்து தாங்கோ, தம்பி” என்றேன். அவர் சொன்ன அந்த மூன்று வசனங்களில் ஒன்று பொய், ஒன்று பாதி உண்மை, மற்றது வெறும் பயமுறுத்தல் என்பது பின்னர் தெரிய வந்தது.

நானூறு வைரஸ் என்ற கணக்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கணினியுடன் அச்சிட்ட அறிக்கை ஒன்றையும் தந்திருந்தார்கள். தாள் முழுவதும் சிவப்பு எழுத்து. பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் என் அக்காவின் மகன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “மாமா, இதிலை ஒரு வைரசும் இல்லை, எல்லாம் குக்கி” என்றான். இணையத்தளங்கள் நம்மை அடையாளம் வைத்துக்கொள்வதற்காக உலாவியில் விட்டுச் செல்லும் சிறிய பதிவுகளே குக்கிகள். நாம் எங்கெங்கு போகிறோம் என்று விளம்பர நிறுவனங்கள் பின்தொடர அவற்றுள் சில உதவுகின்றன என்பது உண்மைதான். ஆனால் அவை இயங்கும் நிரல்கள் அல்ல, ஒரு கோப்பையும் கெடுக்க மாட்டா, உலாவியின் தரவுகளை அழிக்கும்போது குக்கிகளையும் தெரிந்தால் அவையும் அழிந்துவிடும். செய்திப் பத்திரிகை ஒன்றின் தளத்தைக் காலையில் திறந்தாலே பல குக்கிகள் வந்து சேரும். அவற்றை ‘அச்சுறுத்தல்’ என்று எண்ணிக் காட்டும் மென்பொருள்கள் சில இருக்கின்றன. எண்ணிக்கை பெரிதாகத் தெரிந்தால் விற்பனை இலகு என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த வித்தை யாழ்ப்பாணத்தில் பிறந்தது அல்ல. அமெரிக்காவின் ஒபிஸ் டிப்போ என்ற பெரிய வர்த்தக நிறுவனமும், அதற்கு மென்பொருள் வழங்கிய சப்போர்ட் டொட் கொம் நிறுவனமும் இதே வகையான குற்றச்சாட்டுக்காக 2019 இல் முறையே 25 மில்லியன் டொலரும் 10 மில்லியன் டொலரும் செலுத்த உடன்பட்டன. கணினி மெதுவாக இயங்குகிறதா, இடையில் நின்றுபோகிறதா, விளம்பரங்கள் தாமாகத் திறக்கின்றனவா, வைரஸ் எச்சரிக்கை ஏதும் வந்ததா என்ற நான்கு கேள்விகளை அங்கே ஊழியர் வாடிக்கையாளரிடம் கேட்பார். ஒன்றுக்காவது ஆம் என்று அடையாளமிட்டால் போதும், கணினிக்குள் எதுவுமே இல்லாவிட்டாலும் தீநிரலுக்கான அறிகுறி காணப்பட்டதாக அறிக்கை வரும். சோதனை முடிவைத் தீர்மானித்தது சோதனை அல்ல, அந்த அடையாளம். ஆகவே, கடையில் தரும் தாளில் எத்தனை என்ற எண்ணைப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு வரியிலும் எந்தக் கோப்பு, எந்தக் கோப்புறை, எந்தப் பெயருள்ள தீநிரல் என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

விண்டோஸ் 10 பற்றிச் சொன்னது பாதி உண்மை. அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. ஆனால் வீட்டுப் பாவனையாளர்கள் நீடித்த பாதுகாப்பு இற்றைப்படுத்தல் திட்டத்தில் சேர்ந்தால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும்; மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளை ஒத்திசைக்க விடுபவர்களுக்கு அது இலவசம், இல்லாவிட்டால் 30 டொலர். அத்துடன், விண்டோஸ் 10 இல் கூடவே வரும் டிபெண்டர் என்ற நச்சுநிரல் தடுப்பிக்கான, புதிய வைரஸ்களை அடையாளம் காட்டும் வரைவிலக்கண இற்றைப்படுத்தல்களை 2028 ஒக்டோபர் வரை தருவதாகவும் அந்த நிறுவனம் அறிவித்திருக்கிறது. விற்பவர்கள் சொல்லாமல் விடும் விடயம் வேறொன்று: இயங்குதளத்தில் உள்ள ஓட்டைகளை எந்த அன்ரிவைரசும் அடைப்பதில்லை. ஆதரவு முடிந்ததே கவலை என்றால் அதற்கு மருந்து திருத்தங்கள்தான். 4,500 ரூபாப் பொதி அல்ல. வன்தட்டு போய்விடும் என்று சொன்னதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. வீட்டுக் கணினிகளில் வன்தட்டு பழுதாவது பெரும்பாலும் வயதாலும், அதிர்ச்சியாலும், மின்சாரம் ஏறி இறங்குவதாலும்தான்.

அடுத்தது, ஒரு வருட லைசன்ஸ். மென்பொருளைத் திறந்து ‘அபௌட்’ என்ற பகுதியைப் பார்த்தபோது, வெளிநாட்டு நிறுவனம் ஒன்று எவரும் தரவிறக்கலாம் என்று தன் தளத்தில் வைத்திருக்கும் இலவசப் பதிப்பே அது என்பது தெளிவாக எழுதப்பட்டிருந்தது. தொடரிலக்கம் இல்லை, என் பெயரில் பதிவு இல்லை, காலாவதித் திகதியும் இல்லை. காலாவதியே இல்லாத ஒன்றுக்கு ஒரு வருடத்தை வரையறுத்துப் பணம் வாங்கியிருக்கிறார்கள்! நிறுவித் தந்த வேலைக்கென்று 500 ரூபாவோ 1,000 ரூபாவோ கேட்டிருந்தால் மனமுவந்து கொடுத்திருப்பேன், உழைப்புக்குக் கூலி உண்டு. உரிமம் என்று எழுதி விற்றதுதான் மோசடி. உண்மையான உரிமத்துக்குத் தொடரிலக்கம் அச்சிட்ட அட்டையோ பெட்டியோ மின்னஞ்சலோ இருக்கும். அதை நிறுவனத்தின் தளத்தில் உங்கள் கணக்கில் நீங்களே பதிவுசெய்து முடிவுத் திகதியைப் பார்க்கலாம்.

இதுவரை சொன்னது பணத்தைப் பற்றியது. இனிச் சொல்வது அதைவிடப் பாரதூரமானது; இந்தப் பதிவை எழுதத் தூண்டியதும் அதுதான்.

அந்த இலவசப் பதிப்பு ஓயாமல் விளம்பரம் காட்டிக்கொண்டிருந்ததால் அதை அகற்றினோம். வேறொரு அன்ரிவைரஸ் நிறுவப்பட்டால் டிபெண்டர் தானாகவே ஒதுங்கிவிடும், அது அகற்றப்பட்டால் மீண்டும் பொறுப்பேற்கும். விண்டோசின் ஏற்பாடு அப்படி. பாதுகாப்பு ஒழுங்காக இருக்கிறது என்று காட்டும் பச்சை அடையாளமும் வந்தது. ஆனால் மருமகன் அதோடு விடவில்லை. ஐகார் சோதனைக் கோப்பு என்று ஒன்று உண்டு. 68 எழுத்துகள் கொண்ட ஒரே வரி. எந்தத் தீங்கும் செய்யாது. அன்ரிவைரஸ் விழித்திருக்கிறதா என்று அறிவதற்காகவே உருவாக்கப்பட்டது, உலகத்தில் உள்ள தடுப்பிகள் எல்லாம் அதைக் கண்டவுடன் வைரஸ் என்று கூவ வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த வரியை நோட்பாடில் தட்டச்சுச் செய்து டெஸ்க்ரொப்பில் சேமித்தான். ஒரு சத்தமும் இல்லை. பச்சை அடையாளம் அப்படியே இருந்தது.

காரணம் டிபெண்டரின் ‘எக்ஸ்குளூஷன்ஸ்’ என்ற பட்டியலில் இருந்தது. சோதிக்காமல் விட வேண்டிய இடங்களை அதில் குறிப்பிடலாம். எங்கள் கணினியில் அந்தப் பட்டியலில் ‘சீ’ என்ற முழு வட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. வாசலில் காவலாளியை இருத்திவிட்டு, வளவுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று அவருக்குக் கட்டளையிட்ட கதைதான். ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதும் விரைவில் விளங்கியது: நாங்கள் கேட்காமலேயே மைக்ரோசொப்ட் ஒபிசின் திருட்டுப் பிரதி ஒன்றை ஏற்றி, அதை இயக்குவதற்கு ‘அக்ரிவேற்றர்’ எனப்படும் நிரலையும் போட்டிருந்தார்கள். அத்தகைய நிரல்களை டிபெண்டர் ஹக்ரூல் (ஊடுருவல் கருவி) என்று வகைப்படுத்தி அழித்துவிடும். அழிக்காமல் இருக்க அந்த ஒரு கோப்புறையை மட்டும் விலக்கினாலேயே பாதி ஆபத்து. இவர்கள் நேரத்தை மிச்சப்படுத்த முழு வட்டையும் விலக்கிவிட்டார்கள். வைரஸ் நீக்கம் என்று 3,000 ரூபா வாங்கிய அதே கைகள் செய்த வேலை இது.

விலக்கை நீக்கி முழுச் சோதனை செய்தபோது அக்ரிவேற்றருடன் உண்மையான தீநிரல் ஒன்றும் அகப்பட்டது. பென்டிரைவில் உள்ள கோப்புறைகளை மறைத்துவிட்டு அவற்றின் பெயரில் குறுக்குவழிகளை உருவாக்கும் வகையைச் சேர்ந்தது. வினாத்தாள்களை அச்செடுக்கக் கொமினிகேஷன் கடைகளுக்குப் பென்டிரைவ் கொண்டுபோகும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இது புதிதல்ல. டிபெண்டர் வழமையாக இதைத் தடுத்துவிடும். பார்க்கக் கூடாது என்று சொல்லி வைத்த இடத்தில் அது எப்படித் தடுக்கும்? பின்னர், கணினியை மறுதொடக்கம் செய்து விண்டோஸ் எழுவதற்கு முன்பே சோதிக்கும் ‘டிபெண்டர் ஒப்லைன்’ சோதனையையும் ஓட்டினோம். வங்கிக் கணக்கின் கடவுச்சொற்களை வேறொரு தொலைபேசியிலிருந்து மாற்றினோம்.

எனவே, கடையிலிருந்து கணினி வந்தவுடன் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து, வைரஸ் தடுப்புப் பகுதியில் ‘மனேஜ் செற்றிங்ஸ்’ என்பதை அழுத்தி, கீழே இறங்கி விலக்குப் பட்டியலைப் பாருங்கள். நீங்களே சேர்த்தவை தவிர அங்கே எதுவும் இருக்க வேண்டியதில்லை. பச்சை அடையாளத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

இனி, இலவசமாக எதை வைத்திருப்பது என்ற கேள்வி. விண்டோஸ் 8 வெளிவந்த 2012 முதல் டிபெண்டர் முழு அன்ரிவைரசாக இயங்குதளத்துடனேயே வருகிறது. அதற்கு முந்திய விஸ்ராவிலும் விண்டோஸ் 7 இலும் அதே பெயரில் இருந்தது உளவுநிரல் தடுப்பி மட்டுமே. டிபெண்டர் ஒன்றுக்கும் உதவாது என்று சில கடைகளில் இன்னும் சொல்லப்படுவது அந்தக் காலத்து நினைவாக இருக்கலாம். ஜேர்மனியின் ஏவி-ரெஸ்ற், ஒஸ்திரியாவின் ஏவி-கொம்பரேற்றிவ்ஸ் ஆகிய சோதனை நிலையங்கள் தம் முடிவுகளை இலவசமாக வெளியிடுகின்றன. டிபெண்டர் அண்மைக் காலத்தில் அவற்றில் கட்டண மென்பொருள்களுடன் தோளோடு தோள் நிற்கிறது. ஒரு குறை உண்டு: இணையத் தொடர்பு இல்லாத வேளையில் அதன் கண்டறியும் திறன் குறைகிறது. டேற்றாவை மிச்சம் பிடிக்க இணையத்தை நிறுத்திவிட்டுப் பென்டிரைவைச் செருகும் வழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வேறொன்று வேண்டுமென்றால் பிற்டிபெண்டரின் இலவசப் பதிப்பு தொல்லை குறைந்தது என்பது என் அபிப்பிராயம். அவாஸ்ற், ஏவிஜி, அவிரா என்ற மூன்றும் போட்டிக் கடைகள் போலத் தெரிந்தாலும் இன்று நோர்ட்டனுடன் சேர்ந்து ஜென் டிஜிற்றல் என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. இவற்றுள் அவாஸ்ற், பாவனையாளர்கள் எந்தத் தளங்களைப் பார்த்தார்கள் என்ற தரவுகளை ஜம்ப்ஷொற் என்ற துணை நிறுவனத்தின் மூலம் விற்றதற்காக, 2024 இல் அமெரிக்காவில் 16.5 மில்லியன் டொலர் செலுத்த நேர்ந்தது. அந்தத் துணை நிறுவனம் 2020 ஜனவரியில் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும், உளவு பார்ப்பதைத் தடுக்க நிறுவியதே உளவு பார்த்தது என்ற வரலாற்றை அறிந்துகொண்டு தீர்மானிப்பது நல்லது.

எதைத் தெரிந்தாலும் முழுநேரக் காவல் ஒன்றே இருக்கட்டும். இரண்டு ஒரே நேரத்தில் இயங்கினால் ஒன்றையொன்று தடுத்துக் கணினியை முடக்கும். உளவுநிரல், விளம்பரநிரல் சந்தேகம் வந்தால் மல்வெயார்பைற்ஸ் இலவசப் பதிப்பைத் துணையாக வைத்து வேண்டியபோது சோதிக்கலாம். நிறுவியவுடன் 14 நாள் கட்டணப் பதிப்பு வெள்ளோட்டமாக ஓடும். அது முடிந்த பின் பணம் கேட்கும் பெட்டியை மூடிவிட்டால் சோதிக்கும் வசதி இலவசமாகத் தொடரும். உலாவியில் ஒட்டிக்கொண்ட கருவிப்பட்டைகளுக்கு அதே நிறுவனத்தின் அட்கிளீனர் போதும், அதை நிறுவவும் தேவையில்லை. எல்லாவற்றையும் அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்புகளில் போலிகள் கலந்திருக்கின்றன.

நாங்கள் எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போனபோது, 4,500 ரூபா ‘சேவைக் கட்டணம்’ என்று உரிமையாளர் சொன்னார். பற்றுச்சீட்டில் லைசன்ஸ் என்று ஏன் எழுதினீர்கள் என்றதற்குப் பதில் இல்லை. அடுத்த முறை இலவசமாகத் திருத்தித் தருவதாகச் சொன்னார், நான் ஏற்கவில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தர வேண்டும். முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. என் முறைப்பாட்டுடன் பற்றுச்சீட்டு, சிவப்பு எழுத்து அறிக்கை, மென்பொருளை அகற்றுவதற்கு முன் மருமகன் எடுத்த ‘அபௌட்’ பக்கத்தின் படம், விலக்குப் பட்டியலின் படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். உங்களிடமும் இதே மாதிரியான அறிக்கைத் தாள் இருந்தால், மென்பொருளை அகற்றுவதற்கு முன் ‘அபௌட்’ பக்கத்தையும், விலக்குகளை நீக்குவதற்கு முன் அந்தப் பட்டியலையும் படமெடுத்துவிடுங்கள்; நீக்கிய பிறகு நிரூபிக்க எதுவும் மிஞ்சாது.