டெர்மினல் மாறுது, பிரிண்டர்? புட்டியா, கப்ஸா

விடி220 (சர்வரோடு பேசும் பழைய எழுத்துத் திரை) காலத்து டெர்மினல் மென்பொருளை மாற்றும்போது திரை பெரிதாகப் படுத்தாது. அதில் தொங்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான் படுத்தும்.

ஒரு வழி, புட்டி மாதிரி எமுலேட்டர், அதாவது பழைய டெர்மினலைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள். சர்வர் எஸ்கேப், சதுர அடைப்பு, 5, சின்ன எழுத்து i என்று அனுப்பியதும், பின்னால் வருவதெல்லாம் திரையை விட்டு பிரிண்டருக்குத் திரும்பும். 5-க்குப் பதில் 4 வந்தால் நிற்கும். புட்டியில் இந்த வசதி அணைந்தே இருக்கும். புட்டி அமைப்புகளில் 'டெர்மினல்' என்ற பக்கத்தில் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்தால் போதும், பழைய நிரலில் கை வைக்க வேண்டாம். யார் எந்த மேசையில் உட்கார்ந்தாலும் பில் அங்கேயே விழும். ஆனால் அந்த 4 வராமல் போனால் திரை செத்தது போல நிற்கும். பயனர் "கம்ப்யூட்டர் ஹேங் ஆயிடுச்சு" என்பார். பேப்பர் தீர்ந்தாலும் சர்வருக்குத் தெரியாது. பிரிண்டருக்குத் தரவு அப்படியே போவதால், விண்டோஸ் டிரைவரை நம்பி ஓடும் மலிவு லேசரில் வேலைக்கு ஆகாது.

இன்னொன்று, சர்வரிலிருந்தே கப்ஸ் (CUPS, லினக்ஸ், யூனிக்ஸ் அச்சு மென்பொருள்) வழியாக, நெட்வொர்க் பிரிண்டரின் 9100 போர்ட்டில் நேரடியாக அச்சிடுவது. வரிசை, மறுமுயற்சி, பதிவு எல்லாம் உண்டு. எந்தப் பயனருக்கு எந்த பிரிண்டர் என்ற பட்டியலை மட்டும் நீங்கள்தான் கட்டிக் காக்க வேண்டும். கிளை அலுவலகம் ஃபயர்வாலுக்குப் பின்னால் இருந்தால் தலைவலி கூடும்.

மூல நிரல் கையில் இல்லையென்றால் யோசிக்காமல் புட்டி. நிரலைத் திருத்த ஆள் இருந்தால் என் ஓட்டு கப்ஸுக்கு; கிடங்கு லேபிள்களுக்குக் கட்டாயம் அதுதான்.