மேக்கிங், டெலீட்டட் சீன், பாடல் கிளிப்: வீட்டு சர்வரில் எக்ஸ்ட்ராஸை வைத்துப் பழகிய அனுபவம்

படம் இன்றில்லாவிட்டால் நாளை ஏதாவது ஓர் ஓடிடியில் வந்துவிடும். அதே படத்தின் டிவிடியில் இருந்த இருபது நிமிட மேக்கிங் எங்கும் வராது. வடபழனி ஸ்டுடியோ தளத்தில் நடந்த நடன ஒத்திகை, டப்பிங் தியேட்டரில் ஒரே வசனத்தைப் பலமுறை பேசிப் பார்ப்பது, படத்தொகுப்பாளர் வெட்டிப் போட்ட காட்சி இவையெல்லாம் பெரும்பாலும் டிஸ்க்கோடு போய்விடும். அதனால் வீட்டு சர்வரில் படத்தைவிட, டிஸ்க்கில் படத்தோடு வரும் இந்தத் துணை வீடியோக்களுக்குத்தான், அதாவது எக்ஸ்ட்ராஸுக்குத்தான், அதிக அக்கறை தேவை. வீட்டு சர்வரில் உள்ள வீடியோக்களை டிவியிலும் ஃபோனிலும் ஓட்டித் தரும் மென்பொருள்களான ஜெல்லிஃபின், ப்ளெக்ஸ் இரண்டிலும் பல ஆண்டுகள் ஒரே தொகுப்பை வைத்துப் பார்த்ததில் தெரிந்தவை இங்கே. எல்லாம் சொந்தமாக வாங்கிய அசல் டிஸ்க்குகளை வைத்துச் சொல்வது.

முதல் சிக்கல் ரிப் செய்யும்போதே, அதாவது டிஸ்க்கிலிருந்து கணினிக்கு எடுக்கும்போதே, வந்துவிடுகிறது. டிஸ்க்கில் தனியாக ஓடும் ஒவ்வொரு வீடியோவும் ஒரு டைட்டில். மேக்எம்கேவி மென்பொருளில் குறைந்தபட்ச டைட்டில் நீளம் இயல்பாக 120 விநாடி. அதைவிடக் குறுகிய எதையும் அது பட்டியலிலேயே காட்டாது. ஒன்றரை நிமிட ட்ரெய்லர், ஐம்பது விநாடி டீசர், ஒரு நிமிட டெலீட்டட் சீன் எல்லாம் இப்படித்தான் சத்தமில்லாமல் விடுபடுகின்றன. செட்டிங்ஸில் அதை 20 விநாடிக்குக் குறைத்துவிட்டு டிஸ்க்கை மறுபடி திறந்தால் எல்லாம் வரும். கூடவே நிறுவன லோகோவும் எச்சரிக்கை அட்டையும் வரும். அவற்றை டிக் எடுத்துவிட்டால் போதும்.

அடுத்தது 'ப்ளே ஆல்'. ஆறு குட்டி வீடியோ தனித்தனியாக இருக்கும். அந்த ஆறையும் சேர்த்த ஏழாவது டைட்டில் ஒன்றும் இருக்கும். இரண்டையும் எடுத்தால் இடம் இரட்டிப்பாகும், எதை அழிப்பது என்ற குழப்பமும் வரும். ஆறின் கால அளவைக் கூட்டிப் பார்த்து ஏழாவதோடு பொருந்தினால் ஏழாவது வேண்டாம். சில டிவிடிகளில் நீள டைட்டில் மட்டும்தான் இருக்கும், ஒவ்வொரு பகுதியும் அதில் ஓர் அத்தியாயம். அப்போது எம்கேவி ஃபைல்களைத் திருத்தும் எம்கேவிடூல்நிக்ஸ் மென்பொருளில் அவுட்புட் பக்கத்தில் உள்ள ஸ்ப்ளிட் வசதியில் அத்தியாய எண்களின்படி வெட்டலாம். மறு என்கோடிங் இல்லாததால் தரம் குறையாது.

ரிப் முடிந்ததும் கிடைப்பது வெறும் டைட்டில் எண் கொண்ட ஃபைல்கள். அந்த எண் வரிசை டிஸ்க் மெனுவின் வரிசையோடு ஒத்துப்போகும் என்று நம்பக் கூடாது. டிஸ்க்கை விஎல்சியில் போட்டு மெனுவைத் திறந்து, ஒவ்வொன்றின் பெயரையும் கால அளவையும் ஒரு தாளில் எழுதி, அதே கால அளவுள்ள ஃபைலுக்குப் பெயர் வைப்பதே நிச்சயமான வழி. இதை அன்றே செய்துவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து 'மூன்றாவது டைட்டில்' என்ன என்று கண்டுபிடிக்க முழுவதையும் ஓட்டிப் பார்க்க நேரிடும்.

இனி ஃபோல்டர். கீழே ஃபோல்டர் பெயர்களை ஒலிப்பில் எழுதியிருக்கிறோம், சர்வரில் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் தனி ஃபோல்டர், பெயரோடு ஆண்டு. தமிழில் ஆண்டு ரொம்ப முக்கியம்: பில்லா 1980இலும் உண்டு, 2007இலும் உண்டு, மாப்பிள்ளை 1989இலும் 2011இலும். ஆண்டு இல்லாவிட்டால் பழைய படத்தின் எக்ஸ்ட்ராஸ் புதிய படத்தின் போஸ்டருக்குக் கீழே போய் உட்காரும். படத்தின் ஃபோல்டருக்குள் துணை ஃபோல்டர்கள். ஜெல்லிஃபின், ப்ளெக்ஸ் இரண்டுக்கும் பொதுவாகப் புரியும் பெயர்கள் எட்டு: பிஹைண்ட் த சீன்ஸ், டெலீட்டட் சீன்ஸ், ஃபீச்சரெட்ஸ், இன்டர்வியூஸ், சீன்ஸ், ஷார்ட்ஸ், ட்ரெய்லர்ஸ், அதர். இவற்றோடு ஜெல்லிஃபினுக்கு கிளிப்ஸ், எக்ஸ்ட்ராஸ் போன்ற சிலவும் தெரியும். இரண்டு சர்வரையும் பயன்படுத்துபவர்கள், அல்லது பின்னால் மாறக்கூடும் என்று நினைப்பவர்கள், அந்த எட்டுக்குள் நிற்பதே நல்லது.

பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் விளைவு வெளிப்படையாகத் தெரியும். டெலீட்டட் சீன்ஸ் என்பதில் கடைசி எஸ் விட்டுப்போனால், அந்த இரண்டு நிமிடக் காட்சி தனிப் படமாக நூலகத்தில் வந்து, சம்பந்தமே இல்லாத வேற்றுமொழிப் படத்தின் போஸ்டரைப் போட்டுக்கொண்டு நிற்கும். நூலகத்தில் அறியாத படம் ஏதாவது திடீரென்று முளைத்தால் முதலில் பார்க்க வேண்டியது அருகிலுள்ள ஃபோல்டர் பெயரைத்தான். துணை ஃபோல்டருக்குள் மேலும் ஃபோல்டர் போட வேண்டாம். வரிசை வேண்டுமானால் ஃபைல் பெயரின் முன்னால் 01, 02 என்று எண் போடலாம்.

ஃபோல்டர் இல்லாமல் ஃபைல் பெயரின் கடைசியில் ஹைஃபன் போட்டு ட்ரெய்லர், டெலீட்டட், இன்டர்வியூ என்று ஒட்டும் முறையும் உண்டு. ஒரே ஒரு ட்ரெய்லர் இருக்கும் படத்துக்கு அது சரி. நான்கைந்து தாண்டினால் ஃபோல்டரே கண்ணுக்கு நல்லது.

ஃபைல் பெயரைத் தமிழிலேயே வைக்க ஆசைப்படுவது நியாயம். அதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. லினக்ஸ் சர்வர்களில் வழக்கமான எக்ஸ்ட்4 என்ற டிஸ்க் வடிவத்தில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டைத் தாண்ட முடியாது. எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட். க, ச போன்ற அகர எழுத்துகள் தவிர மற்ற உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, குறிக்கு ஒன்று என இரண்டு குறிகள். 'இசை வெளியீட்டு விழா' என்ற ஒன்பது எழுத்துக்கே இடைவெளியோடு 53 பைட் ஆகிவிடுகிறது. விண்டோஸ் கணினியில் இதே கணக்கு வேறு என்பதால் அங்கே நீளமான பெயர் சிக்கலின்றி நிற்கும். சர்வருக்கு நகலெடுக்கும்போதுதான் பெயர் நீளம் என்று பிழை காட்டும். இரண்டாவது பள்ளம் ஒகர, ஓகார எழுத்துகள். 'கொ' என்பதை ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வடிவம் பிரித்துத்தான் வைக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. அங்கிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியைப் போட்டால் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் நிற்பது இதனால்தான்.

ஜெல்லிஃபினில் இதற்கு அழகான தீர்வு இருக்கிறது. ஃபைலுக்குச் சுருக்கமான ஆங்கிலப் பெயர். முழுத் தமிழ்த் தலைப்பை எம்கேவிடூல்நிக்ஸ் மூலம் ஃபைலுக்குள் இருக்கும் தலைப்புப் புலத்தில் எழுதிவிட வேண்டும். நூலக அமைப்பில் எக்ஸ்ட்ராஸுக்கு உள்தலைப்பை முன்னிறுத்தும் தேர்வு இருக்கிறது; அதை இயக்கினால் திரையில் தமிழ்த் தலைப்பு வரும். அதோடு மெயின் படங்களின் உள்தலைப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், ரிப் செய்தபோது டிஸ்க்கின் லேபிள் அப்படியே ஒட்டியிருக்கும். சர்வரின் எடிட் பக்கத்தில் தலைப்பை மாற்றுவதைவிட இது மேல். தரவுத்தளம் கெட்டு மறுபடி ஸ்கேன் செய்தாலும் ஃபைலுக்குள் எழுதியது போகாது.

எக்ஸ்ட்ராஸ் ஃபோல்டருக்குள் போகக் கூடாதவையும் உண்டு. இயக்குநரின் நீள வடிவம் எக்ஸ்ட்ரா ஆகாது, அதே படத்தின் இன்னொரு பதிப்பு. மெயின் ஃபைலின் பக்கத்திலேயே, ஃபோல்டர் பெயரை அப்படியே எழுதி, இடைவெளி, ஹைஃபன், இடைவெளி, பதிப்பின் பெயர் என்று வைத்தால் ஜெல்லிஃபின் இரண்டையும் ஒரே போஸ்டருக்குக் கீழே தேர்வாகக் காட்டும். கமெண்டரியைத் தனி வீடியோவாக வைப்பது வீண். மெயின் ஃபைலில் கூடுதல் ஆடியோ ட்ராக்காகச் சேர்த்து, ட்ராக்குக்குப் பெயர் கொடுத்து, தானாக அதையே ஓட்டச் சொல்லும் டிஃபால்ட் கொடியை எடுத்துவிட வேண்டும். அந்தக் கொடியை மறந்தால் படத்தைப் போட்டதும் வசனத்துக்குப் பதில் இயக்குநர் பேசத் தொடங்குவார்.

மூன்று மணி நேர இசை வெளியீட்டு விழாவை எங்கே வைப்பது என்பதில் எங்கள் முடிவு தெளிவானது: ஒரு மணி நேரத்தைத் தாண்டும் எதையும் தனி உருப்படியாக வைத்து, படத்தோடு ஒரே கலெக்‌ஷனில் சேர்ப்பது. எக்ஸ்ட்ராஸ் படத்தின் பக்கத்துக்குள் ஒளிந்திருக்கும், நூலகத் தேடலில் கைக்கு வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ப்ளெக்ஸில் எக்ஸ்ட்ராஸுக்குப் படங்களைப் போல் பார்த்த கணக்கும் கிடையாது. பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர வேண்டிய விழாவுக்கு அது ஒத்துவராது. ஜெல்லிஃபினில் ஒவ்வொரு எக்ஸ்ட்ராவுக்கும் தனிப் பக்கம் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்துக்காகவே எக்ஸ்ட்ராஸ் பிரியர்களுக்கு ஜெல்லிஃபினைப் பரிந்துரைக்கிறோம். பாடல் கிளிப்புகள் ஜெல்லிஃபினில் கிளிப்ஸ், ப்ளெக்ஸிலும் ஓட வேண்டுமானால் சீன்ஸ்.

'படம் நன்றாக ஓடுகிறது, மேக்கிங் மட்டும் திக்குகிறது' என்ற புகாருக்குக் காரணம் வீடியோ வடிவம். மெயின் படம் எச்264 வீடியோ வடிவம் என்றால் டிவி அதை நேரடியாக ஓட்டிவிடும். டிவிடி எக்ஸ்ட்ராஸோ இன்டர்லேஸ் செய்த, அதாவது ஒரு ஃப்ரேமை ஒன்றுவிட்ட வரிகளாக இரண்டு ஃபீல்டாகப் பிரித்த, எம்பெக்-2 என்ற பழைய வடிவம். பிரவுசரும் பல டிவி ஆப்களும் அதை ஓட்டாது, சர்வர் அந்த இடத்திலேயே மாற்றித் தர வேண்டியிருக்கும். ப்ளூரே எக்ஸ்ட்ராஸில் பட வடிவ சப்டைட்டிலை ஆன் செய்தாலும் பெரும்பாலும் இதே நிலைதான், வீடியோ மேல் எரித்துத் தர வேண்டும். ரிச்சி தெருவில் கிடைக்கும் இன்டெல் என்100 மினி பிசி போன்ற, வீடியோ மாற்றத்தைச் சிப்பிலேயே செய்யும் க்விக் சிங்க் உள்ள எதுவும் இந்த வேலையைச் சிரமமின்றிச் செய்யும். ராஸ்பெர்ரி பை திணறும்.

மாற்றி வைத்துவிடலாமே என்று, வீடியோ வடிவம் மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருளைத் திறப்பவர்கள் சற்றுப் பொறுங்கள். பல தமிழ் டிவிடிகள் நொடிக்கு 60 ஃபீல்டு கொண்ட என்டிஎஸ்சி வீடியோ முறையில் வந்தவை. உள்ளே இருக்கும் மேக்கிங்கோ 'பால்' (PAL) வீடியோ முறை கேமராவில் நொடிக்கு 50 ஃபீல்டாகப் பதிவானது. டிஸ்க்குக்காக அதை 60க்கு மாற்றியபோதே அடுத்தடுத்த ஃப்ரேம்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டிருக்கும். ஃபீல்டுகளை முழு ஃப்ரேமாக்கும் எந்த டீஇன்டர்லேஸ் ஃபில்டரும் அதைப் பிரித்துத் தராது. மாற்றினால் அந்த மங்கல் நிரந்தரமாகிவிடும். மூல எம்பெக்-2 ஃபைலை அப்படியே வைத்துக்கொள்வதுதான் எங்கள் நிலைப்பாடு. நொடிக்கு 5 மெகாபிட் அளவில் அரை மணி நேரம் சுமார் 1.1 ஜிபி, இன்றைய ஹார்டு டிஸ்க்குக்கு அது பாரமே இல்லை. மாற்றியே தீர வேண்டுமானால் எக்ஸ்264இல் தர அளவு (ஆர்எஃப்) 18, டீஇன்டர்லேஸ் 'பாப்' (Bob) முறையில், தானாகக் கத்தரிக்கும் வசதியை அணைத்துவிட்டு. மேக்கிங்கில் அகலத்திரைப் படக்காட்சியும் 4:3 பேட்டியும் மாறி மாறி வரும். அகலத்திரைப் பகுதியின் கறுப்புப் பட்டையை வைத்து மென்பொருள் கத்தரித்தால் பேட்டி கொடுப்பவரின் தலை போய்விடும்.

சென்னையில் சர்வரை வைப்பது பற்றிக் கொஞ்சம். மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலே எழுதிக்கொண்டிருக்கும் தரவுத்தளம் உடையக்கூடும். மினி பிசிக்கும் ஒரு ஹார்டு டிஸ்க்குக்கும் 600 விஏ யூபிஎஸ் போதும். நூலகம் முழுவதையும் பேக்கப் எடுக்க இடமில்லை என்றால், படங்களை விட்டுவிட்டு எக்ஸ்ட்ராஸ் ஃபோல்டர்களை மட்டும் இன்னொரு டிஸ்க்கில் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். மூல டிவிடிகளைத் தூக்கிப் போட வேண்டாம். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் டிஸ்க்கின் மேல் வெண்பூஞ்சை படர்வது சகஜம். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைத்தால் பெரும்பாலும் மீண்டும் படிக்கும், வட்டமாகத் துடைத்தால் கீறல் பதிவின் பாதையிலேயே விழும். மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, அலமாரியின் மேல்தட்டில் வைக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தரைத்தள வீடுகளில் தண்ணீர் முதலில் எட்டியது கீழ்த்தட்டைத்தான்.