டெல்லிக் குளிரில் கிளம்பாத லாரியும் போன 38,500 ரூபாயும்

நேற்று மாலைதான் இந்த ஏமாற்று எனக்கு முழுதாகத் தெரியவந்தது. ஆத்திரம் அடங்கும் முன்பே எழுதிவிடுகிறேன்.

ஆசாத்பூர் மண்டியில் காய்கறி ஏற்றி, கரோல் பாக், மயூர் விஹார் பகுதிகளில் உள்ள நம்மவர் உணவகங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் சிறிய டீசல் லாரி என்னுடையது. டிசம்பர் கடைசியிலிருந்து விடியற்காலை நான்கு மணிக்குச் செல்ஃப் அடித்தால் எஞ்சின் நன்றாகச் சுற்றும், வெள்ளைப் புகையும் வரும், ஆனால் பிடிக்காது. எட்டுப் பத்து முறை அடித்து ஒருவழியாகக் கிளம்பிவிட்டால், பிறகு நாள் முழுக்க ஒரு குறையும் இருக்காது.

லாரிகள் நிற்கும் பகுதியில் உள்ள ஒரு டீசல் பட்டறைக்குக் கொண்டுபோனேன். உரிமையாளர் வண்டி எண்ணைப் பார்த்துவிட்டு, என் பேச்சையும் கவனித்துவிட்டு, "அண்ணா, நான் நாமக்கல்ல ஆறு வருஷம் வேலை பார்த்தவன்ணா, இது நம்ம வண்டி மாதிரி" என்று தமிழில் சொன்னார். பதினெட்டு ஆண்டுகளில் இந்த ஊர் மெக்கானிக் ஒருவர் என்னிடம் தமிழில் பேசியது அதுவே முதல் முறை. அருகில் நின்று பார்க்காமல் சாவியைக் கொடுத்துவிட்டு நான் வந்ததற்கு அந்தத் தமிழ் ஒன்றுதான் காரணம். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களும் போய்விட்டன என்றார். மனைவி சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து 38,500 ரூபாய் கொடுத்தேன். பழையவை என்று நான்கை ஒரு பையில் போட்டுத் தந்தார். ரசீது வெறும் துண்டுச் சீட்டு.

மறுநாளே அதே வெள்ளைப் புகை. தொலைபேசியில் கேட்டதற்கு, "குளிர்ல எல்லா வண்டியும் இப்படித்தான்ணா" என்றார். மூன்றாம் நாள் பேட்டரியை மாற்றச் சொன்னார். அதற்குப் பிறகு எடுத்த பையன், முதலாளி ஊருக்குப் போயிருப்பதாக இந்தியில் சொல்லி வைத்துவிட்டான். நேரில் போனால் அவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். அன்று அவருக்குத் தமிழே தெரியவில்லை.

நேற்று வேறொரு மிஸ்திரி மீட்டர் வைத்துப் பார்த்ததில், நான்கு ஹீட்டர் பிளக்குகளில் மூன்று செத்திருந்தன. டீசல் எஞ்சின் காற்றை அழுத்தி வரும் சூட்டில்தான் எரிகிறது. குளிரில் அந்தச் சூடு போதாதபோது, மின்சாரத்தால் உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக்தான் துணை. வெள்ளைப் புகை என்பது உள்ளே வந்தும் எரியாத டீசல். பிளக்குகளை மாற்ற 3,200 ரூபாய் ஆனது, இன்று காலை முதல் அடியிலேயே பிடித்தது. இன்ஜெக்டர்களோ மாற்றப்படவே இல்லை. புதியவற்றைப் போட்டால் அவற்றின் மேல் பொறித்த குறியீட்டை வண்டியின் கணினியில் பதிய வேண்டும்; அந்தப் பட்டறையில் அதற்கான கருவியே கிடையாது, ஆனால் கணினியில் இருக்கும் குறியீடுகளும் எஞ்சினில் இருப்பவையும் ஒன்றாகவே இருக்கின்றன, அதாவது உள்ளே இருப்பவை பழைய இன்ஜெக்டர்களேதான். பையில் தந்த நான்கும் வேறு எஞ்சினுடையவை. 38,500 ரூபாய், ஒரு திருகைக்கூடக் கழற்றாமல்.

காலையில் மட்டும் தகராறு என்றால் முதலில் ஹீட்டர் பிளக், அதற்கு மின்சாரம் விடும் ரிலே, பேட்டரி ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். பாகத்தைக் கழற்றும்போது அருகிலேயே நில்லுங்கள், எண்ணைப் படம் எடுங்கள். வரி எண் போட்ட பக்கா பில் தராத இடத்தில் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு இன்று மாலை மறுபடியும் அங்கே போகிறேன்.