தண்ணீர் ரொக்கெட் பெட்டி: சாமான் நல்லது, விளக்கத் தாள் பிழை

மருமகன் ஆசைப்பட்டான் என்று யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கடையில் 2400 ரூபாவுக்கு வாங்கினேன். உள்ளே போத்தலை நிறுத்தும் ஒரு தாங்கி, றப்பர் மூடி, சைக்கிள் பம்ப் பூட்டும் குழாய், மூன்று பிளாஸ்டிக் செட்டை. போத்தல் நாங்கள்தான் தேட வேண்டும். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் எடுங்கள், தண்ணீர்ப் போத்தல் மெல்லிசு, அமுக்கம் தாங்காது.

முற்றவெளியில் விட்டுப் பார்த்தோம். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், பம்ப் மானியில் 40 பீஎஸ்ஐ, டப் என்று மூடி கழன்று போத்தல் தென்னை உயரத்துக்குப் போக, என் சேர்ட் தொப்பலாக நனைந்தது. இந்தக் காசுக்கு அது போதும்.

ஆனால் அந்த விளக்கத் தாள்! வெளியேறும் நீர் நிலத்தைத் தள்ளுவதால் ரொக்கெட் எழும்புகிறதாம். மருமகன் வாசித்துவிட்டு, "அப்ப மாமா, சந்திரனுக்குப் போறது எதைத் தள்ளும்?" என்றான். 1920இல் நியூயோர்க் டைம்ஸே இப்படித்தான், வெற்றிடத்தில் ரொக்கெட் ஓடாது என்று ரொக்கெட் முன்னோடி கொடார்ட்டை நக்கலடித்தது. திருத்தம் போட்டது 1969இல், அப்பல்லோ 11 புறப்பட்ட மறுநாள். நிலமும் வேண்டாம், காற்றும் வேண்டாம். தண்ணீர் கீழே எவ்வளவு உந்தத்தை (திணிவை வேகத்தால் பெருக்கினால் வருவது) கொண்டுபோகிறதோ அவ்வளவு உந்தம் போத்தலுக்கு மேல்நோக்கிக் கிடைக்கும், அவ்வளவுதான்.

பிறகு தண்ணீரே இல்லாமல் விட்டான், வேலி உயரம்கூடப் போகவில்லை. கழுத்து வரை நிரப்பினான், அசையவே மனமில்லை. சக்தி இருப்பது அமுக்கிய காற்றில், தண்ணீர் வெறும் எறிபொருள். ஒரே சக்தியில் பாரமானதை எறிந்தால் உந்தம் கூட, ஆனால் தண்ணீர் கூடினால் காற்றுக்கு இடமில்லை.

விண்வெளியில் கணக்கு மாறும், எறிவதையும் சுமந்துதானே போக வேண்டும். எங்கள் தண்ணீர் கணக்குப்படி விநாடிக்கு 23 மீற்றர் வேகத்தில் பாய்ந்தது. 2007இல் போன நாசாவின் டோன் விண்கலம் செனன் வாயுவின் அயன்களை (மின்னேற்றம் பெற்ற அணுக்களை) விநாடிக்கு அண்ணளவாக 30 கிலோமீற்றர் வேகத்தில் எறிந்தது. கொஞ்ச எறிபொருளே போதும், ஆனால் அந்த வேகம் சக்தியை விழுங்குவதால் சூரியப் படலங்கள் தந்த வலுவுக்கு உதைப்பு இரண்டு ஏ4 தாளின் நிறையளவுதான்.

மூடி நாலாம் நாளே ஒழுகியது, தனியாக விற்கமாட்டார்களாம். சைக்கிள் ரியூப் துண்டு சுற்றி ஓட்டுகிறோம். செட்டையை வெயிலில் வைக்காதீர்கள், வளைந்துவிடும்.