ஃபோர்ட் கொச்சி ஹோம்ஸ்டே: குறைந்த செலவில் தங்க எந்த வீடு ஏற்றது?

ஃபோர்ட் கொச்சியில் பிரின்சஸ் தெரு, ரோஸ் தெரு, பர்கர் தெரு ஆகியவற்றையும் அவற்றை ஒட்டிய சந்துகளையும் சுற்றி வந்தால், வாசலுக்கு வாசல் ‘ஹோம்ஸ்டே’ என்ற பலகை தொங்குவதைக் காணலாம். இவற்றில் பல, குடும்பம் கீழே குடியிருக்க, மாடி அறைகளை மட்டும் பயணிகளுக்கு விடும் வீடுகள். வேறு சிலவற்றில் யாரும் குடியிருப்பதில்லை; பணியாளர் ஒருவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பதிவுச் செயலிகளில் இரண்டும் ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. கையைக் கடிக்காத செலவில் ஊர் பார்க்க நினைப்பவருக்கு முதல் வகை மட்டுமே கொடுத்த பணத்துக்கு ஈடானது என்பது என் மதிப்பீடு.

கேரளச் சுற்றுலாத் துறை ஹோம்ஸ்டேக்களை டயமண்ட், கோல்டு, சில்வர் என்று தரம் பிரித்துச் சான்றிதழ் வழங்குகிறது. உரிமையாளர் குடும்பத்துடன் அதே வீட்டில் வசிக்க வேண்டும், வாடகைக்கு விடும் அறைகள் ஆறுக்கு மேற்படக் கூடாது என்பவை அதன் நிபந்தனைகள். ஆகவே, பதிவு செய்வதற்கு முன் சான்றிதழ் உண்டா என்று கேட்பது நல்லது. மின்விசிறி அறையே போதும் என்பவருக்கு சில்வர் தரமே தாராளம்.

வீட்டில் ஆள் இருப்பதன் பயன் வந்திறங்கிய வேளையிலேயே தெரிந்துவிடும். சென்னையிலிருந்து இரவு ரயிலில் கிளம்புபவர் எர்ணாகுளத்தில் காலையில் இறங்கி, படகுத்துறைக்குப் போய், சில ரூபாய் கட்டணத்தில் அரசுப் படகிலோ, 2024 ஏப்ரல் முதல் ஃபோர்ட் கொச்சிக்கு ஓடும் வாட்டர் மெட்ரோ என்ற மின்படகுச் சேவையிலோ ஏறி வந்து சேரும்போது, அறை தயாராக இன்னும் சில மணி நேரம் இருக்கும். குடும்பம் வசிக்கும் வீட்டில் பையை வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு ஊர் சுற்றப் போகலாம். ஆளில்லாத வீட்டில் பூட்டிய கதவின் முன் பையோடு நிற்க வேண்டியதுதான். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, யூதர் ஆலயத்துக்கு வெள்ளியோடு சனியும் விடுமுறை என்பதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடும் வீட்டுக்காரர், அலைச்சலோடு ஆட்டோ செலவையும் மிச்சப்படுத்துகிறார். வாடகையுடன் காலை உணவும் சேர்ந்திருந்தால் கணக்கு மேலும் சாதகமாகும். புட்டும் கடலைக் கறியும், ஆப்பமும் இஷ்டுவும் வீட்டுச் சமையலில் கிடைப்பதுபோல அங்குள்ள சுற்றுலா உணவகங்களில் கிடைப்பதில்லை. விலையும் அங்கே கூடுதல்.

வாடகை விஷயத்தில் செயலி முதலில் காட்டும் தொகையை நம்பக் கூடாது. சேவைக் கட்டணம், துப்புரவுக் கட்டணம், வரி ஆகியவை சேர்ந்த இறுதித் தொகையையே ஒப்பிட வேண்டும். ஓரிரவு மட்டும் தங்கினால் துப்புரவுக் கட்டணம் முழுவதும் அந்த ஓர் இரவின் தலையில் விழுகிறது. பல நாள் தங்கினால் பரவிவிடுகிறது. நேரில் கேட்டால் வாடகையைக் குறைக்கும் வீடுகளும் உண்டு. ஆனால், படத்தில் கண்டதற்கும் அறைக்கும் தொடர்பே இல்லாமல் போகும் நேரத்தில் செயலி வழியாகச் செலுத்திய பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழி இருக்கிறது. கையில் கொடுத்த முன்பணத்துக்கு அது இல்லை.

குறைகளும் இருக்கின்றன. பழைய வீடுகளில் மரத் தளங்கள் ஒவ்வொரு காலடிக்கும் முனகும். பக்கத்து அறையின் பேச்சு தெளிவாகக் கேட்கும். கொசு இந்த ஊரின் நிரந்தரக் குடிமகன் என்பதால், கொசுவலை உண்டா என்பதைக் குளிர்சாதன வசதிக்கும் முன்பாகக் கேட்க வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் வாசற்கதவைத் திறக்கத் தயங்கும் வீடுகளும் உண்டு, கழிவறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய வீடுகளும் உண்டு. இவை விளம்பரத்தில் கடைசி வரிகளில்தான் இருக்கும்.

டிசம்பர் பிற்பாதியில் புத்தாண்டுக் கார்னிவலும், பியனாலே என்ற கலைக் கண்காட்சி நடக்கும் ஆண்டுகளில் அதுவும் சேர்ந்து வாடகையை ஏற்றிவிடுகின்றன. அப்போது முன்பதிவின்றிச் செல்வது வீண். ஜூன், ஜூலை மழையில் அதே அறைகள் வெகுவாகக் குறைந்த வாடகைக்குக் கிடைக்கின்றன, வீட்டுக்காரர்களுக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கிறது.