புலனாய்வில் கோட்டைவிட்ட போலீஸ்: சிவில் வழக்கா, மனித உரிமை ஆணையமா?

ஏற்காடு ஒண்டிக்கடை அருகே ஒருவரை இடித்துக் கொன்றுவிட்டு வண்டி நிற்காமல் போகிறது. எதிர்க் கடையின் சிசிடிவி பதிவை விசாரணை அதிகாரி கைப்பற்றவில்லை; அதன்மேல் புதுப் பதிவு ஏறி எல்லாம் அழிந்துவிடுகிறது. வண்டி நம்பர் இல்லாமல் விபத்துத் தீர்ப்பாயத்தில் முழு இழப்பீடு கேட்க முடியாது. மிஞ்சுவது, அடையாளம் தெரியாத வாகனம் மோதி இறந்தவருக்கான 2 லட்சம் ரூபாய்தான்.

மீதி நஷ்டத்துக்குப் போலீஸை எங்கே நிறுத்துவது? என் சாய்வு மாநில மனித உரிமை ஆணையத்தின் பக்கம்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆணையத்தில் கட்டணம் இல்லை. சிவிலில் கேட்கும் தொகைக்கு 3 சதவீதம், அதாவது 10 லட்சத்துக்கு 30,000.

முடிவைத் தீர்மானிப்பது காலக்கெடு. சிவிலில் முதலில் அரசுக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு நோட்டீஸ் கொடுத்து 2 மாதம் பொறுக்க வேண்டும். வழக்குப் போட்டதும் அரசு வக்கீல் 1859-ஆம் ஆண்டு மாவட்டக் காவல் சட்டத்தின் 53-ஆம் பிரிவைக் கையில் எடுப்பார்: சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும். ‘செய்யாமல் விட்டதற்கு அது பொருந்தாது’ என்று வாதாடலாம்; எடுபடுமா என்பது வழக்கைப் பொறுத்தது. எடுபட்டாலும் காலவரையறைச் சட்டப்படி ஓராண்டுதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வதே பத்திரம். ஆர்.சி.எஸ். நோட்டீஸ் (வழக்கை முடித்துவிட்டதாகப் போலீஸ் அனுப்பும் அறிவிப்பு) வந்த பிறகுதான் புலனாய்வு ஓட்டையே பலருக்குத் தெரிகிறது. அதற்குள் அந்த 3 மாதம் போயிருக்கும்.

ஆணையத்துக்கும் கெடு ஓராண்டுதான். ஆனால் நோட்டீஸும் காத்திருப்பும் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2021-ல் சொல்லியிருக்கிறது. சிவில் வழக்கை முதலில் போட்டால், ‘கோர்ட்டில் நிலுவை’ என்று ஆணையம் மனுவைத் திருப்பிவிடக்கூடும், வரிசை முக்கியம்.

‘விசாரணை சரியில்லை’ என்று மொட்டையாக எழுதினால் மனு நிற்காது. எந்தக் கேமரா, எந்தத் தேதியில் கேட்டீர்கள், பதிவு எப்போது அழிந்தது என்று எழுதுங்கள். பதிவைக் கைப்பற்றச் சொல்லும் கடிதம் முதல் வாரத்திலேயே ஸ்டேஷனுக்கும் எஸ்.பி.க்கும் (மாநகர எல்லை என்றால் கமிஷனருக்கு) ஸ்பீடு போஸ்டில் போயிருக்க வேண்டும். டெலிவரிச் சான்றுதான் உங்கள் சாட்சி.

ஆணையம் எவ்வளவு கொடுக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது; பெருந்தொகை கேட்பவருக்கு சிவில்தான் வழி. சாதாரணத் திருட்டு வழக்கை ஆணையத்துக்குக் கொண்டுபோவதும் வீண். உயிர், சுதந்திரம், கண்ணியம் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும்.

ஆர்.சி.எஸ். வந்தால் மாஜிஸ்திரேட்டிடம் ஆட்சேப மனு போட்டு மேல்விசாரணை கேளுங்கள். அது நடக்கிறதே என்று ஆணைய மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். ஓராண்டுக் கணக்கு அதற்காக நிற்காது.